அம்மாவின் கண்ணுக்கு எந்த லென்ஸ்?

கண்புரை அறுவை சிகிச்சை என்றதும் நம் வீடுகளில் எழும் கேள்விகள் இரண்டுதான். வலிக்குமா? எவ்வளவு செலவாகும்? இரண்டுக்குமே இன்று ஓரளவு நல்ல பதில் இருக்கிறது. சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரத்துப்போகச் செய்துவிடுவதால் பெரும்பாலோருக்கு வலி தெரிவதில்லை. காலையில் போனால் அன்றே வீடு திரும்பிவிடலாம். செலவுக்கு மெடிசேவ் இருக்கிறது; பெற்றோரின் கணக்கில் போதாவிட்டால் பிள்ளைகளின் மெடிசேவிலிருந்தும் கட்டலாம். ஆனால் மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. புரை விழுந்த லென்சை எடுத்துவிட்டு உள்ளே வைக்கப்போகும் புதிய லென்ஸ் எது? அது எவ்வளவு தூரத்தில் இருப்பதைத் தெளிவாகக் காட்ட வேண்டும்?

இந்தக் கேள்வியோடு எங்கள் வீடு ஏறக்குறைய மூன்று மாதம் மல்லுக்கட்டியது.

அம்மாவுக்கு வயது 67. ஈசூனில் எங்கள் வீவக வீட்டின் கூடத்தில், சன்னலோரமாக ஒரு தையல் இயந்திரம் இருக்கிறது. நான் தொடக்கப்பள்ளிக்குப் போன காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறது. சேலை ரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடைக்கு விளிம்பு மடிப்பு என்று அக்கம்பக்கத்துப் புளோக்குகளில் அம்மாவுக்கு இன்றும் ஆள் உண்டு. தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதங்களில் எங்கள் நாற்காலிகளில் உட்கார இடம் இருக்காது, எல்லாவற்றிலும் துணி.

பிரச்சினை நூலில்தான் முதலில் தெரிந்தது. வாடிக்கையாக வரும் அக்கா ஒருவர், "ஆன்ட்டி, வெள்ளை ரவிக்கைக்குச் சந்தனக் கலர் நூல் போட்டிருக்கீங்களே" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். அடுத்த வாரம் கருநீலத் துணிக்குக் கறுப்பு நூல். அம்மா துணியைச் சன்னலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

வயதாக ஆக நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மெல்ல மெல்ல மஞ்சளிக்கும், பிறகு பழுப்பாகும். கண்ணுக்குள்ளேயே ஒரு மஞ்சள் கண்ணாடித்தாளை ஒட்டியதுபோல. அது பல ஆண்டுகளில் நடப்பதால் நமக்குத் தெரிவதே இல்லை. பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனேவுக்கும் இதுதான் நடந்தது. புரை முற்றிய காலத்தில் அவர் தீட்டிய படங்களில் சிவப்பும் பழுப்பும் ஏறிக்கிடக்கும். 1923ல் வலக்கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு, எல்லாம் ஒரேயடியாக நீலமாகத் தெரிகிறது என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். அம்மாவுக்கு மொனேயைத் தெரியாது. ஆனால் கருநீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாத தையல்காரி என்று பெயர் எடுக்க அவர் தயாராக இல்லை.

அப்பாவின் கதை இதற்கு இரண்டு ஆண்டு முந்தியது. அவர் டாக்சி ஓட்டியவர். ஒருநாள் காலையில் வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமலேயே பத்திரிகை படித்தார். "பாத்தியா, கண்ணு திரும்பி வந்துடுச்சு" என்று எங்களுக்குப் பெருமையாகக் காட்டினார். உண்மையில் அதுவே புரையின் அறிகுறி. லென்சின் நடுப்பகுதி கெட்டிப்படும்போது அதன் சக்தி கூடி, கிட்டே இருப்பது கொஞ்ச காலத்துக்குத் தெளிவாகத் தெரியும். அதற்கு விலையாகத் தூரம் மங்கும். எதிரே வரும் வண்டியின் விளக்கு வெடித்துச் சிதறுவதுபோலத் தெரிந்தபிறகுதான் அப்பா பலதுறை மருந்தகத்துக்குப் போனார். அவருக்கு வைத்தது சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸ், தூரத்துக்குச் சரியாக அமைத்தது. இரவில் வண்டி ஓட்டினார், படிப்பதற்குக் கடையில் வாங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், திருப்தியாக இருந்தார். எனவே அம்மாவுக்கும் அதையே வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்பது அப்பாவின் கட்சி.

தம்பி வேறு கட்சி. "ஒரு தடவைதான் செய்யப்போறோம். இருக்கறதிலேயே பெஸ்டா வைப்போம். காசை நான் தர்றேன்" என்றான். அவன் சொன்னது மூன்று தூரங்களுக்குமான முக்குவிய லென்ஸ். தூரம், கணினித் தூரம், படிக்கும் தூரம் மூன்றும் கண்ணாடி இல்லாமலே தெரியும் என்பது அதன் வாக்குறுதி. உதவித்தொகைக்குள் வரும் லென்சுக்கும் அதற்கும் ஆயிரக்கணக்கான வெள்ளி வித்தியாசம். அம்மாவுக்குச் செய்ய வேண்டும் என்ற ஆசை அவன் குரலில் இருந்தது. நம் வீடுகளில் பாசத்தை விலையில் காட்டும் பழக்கம் ஒன்று உண்டு. நல்ல ஆசைதான், ஆனால் கண்ணுக்குள் வைக்கும் பொருளுக்கு அது சரிப்படுமா என்பது வேறு விஷயம்.

ஜொகூர் பாருவில் இருக்கும் அத்தையும் தம்பி பக்கம். அவர் அந்த முக்குவிய லென்சைத்தான் வைத்துக்கொண்டார். சாப்பாட்டுக் கடையில் பட்டியலைப் படிக்கிறார், கைத்தொலைபேசி பார்க்கிறார், கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடும் தொல்லை போயே போயிற்று. "ராத்திரி மட்டும் பாலத்துல போற மோட்டார் சைக்கிள் லைட்டைச் சுத்தி வளையம் வளையமாத் தெரியும். போகப் போகப் பழகிடுச்சு" என்றார். அத்தை இரவில் வண்டி ஓட்டுவதில்லை. நீரிழிவும் இல்லை. அவர் கண்ணுக்கு அது பொருத்தம்.

அம்மாவுக்கு நீரிழிவு இருக்கிறது. பதினான்கு ஆண்டாக.

அது எப்படி இந்தக் கதைக்குள் வருகிறது என்பதைக் கண் மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். சிறிய சீனப் பெண்மணி. அம்மா எதைக் கேட்டாலும் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பி அம்மாவைப் பார்த்தே பதில் சொல்வார். முக்குவிய லென்ஸ் உள்ளே வரும் வெளிச்சத்தைப் பங்கு போடுகிறது. ஒரு பங்கு தூரத்துக்கு, ஒரு பங்கு நடுத்தூரத்துக்கு, ஒரு பங்கு கிட்டே. ஒரு நேரத்தில் நாம் பார்ப்பது ஒன்றைத்தான். மற்றப் பங்குகள் மங்கலான நிழலாகப் பின்னால் கிடக்கும். மூளை அதை ஒதுக்கப் பழகிக்கொள்ள வேண்டும். விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும் அதனால்தான். இருட்டில், சாயம் போன எழுத்தில், கறுப்புத் துணியில் கறுப்பு நூலில் எது எங்கே முடிகிறது என்று பிரித்தறியும் திறனும் சற்றுக் குறையும். ஆரோக்கியமான விழித்திரைக்கு இந்த நட்டம் தாங்கும். அம்மாவின் விழித்திரையில், பார்வையின் மையப்பகுதிக்கு அருகில், நீரிழிவால் லேசான பாதிப்பு தொடங்கியிருந்தது. படமெடுத்துக் காட்டினார்கள். அங்கே நாளை வீக்கம் வந்தால், ஏற்கெனவே பங்கு போட்ட வெளிச்சம் இன்னும் வீணாகும்.

"பொருத்த முடியாது என்று சொல்லவில்லை. நான் பரிந்துரைக்க மாட்டேன்" என்றார் மருத்துவர்.

நீர் அழுத்த நோய் முற்றியவர்கள், விழித்திரையின் மையம் தேய்ந்தவர்கள், இரவில் தொழிலுக்காக வண்டி ஓட்டுபவர்கள் ஆகியோருக்கும் இந்த வகை லென்சை மருத்துவர்கள் யோசித்துத்தான் சொல்வார்கள். குவியத் தூரத்தைச் சற்று நீட்டித் தரும் இன்னொரு வகையும் உண்டு. அதில் வளையத் தொல்லை குறைவு, ஆனால் பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படலாம். நம் சமூகத்தில் நீரிழிவு எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஆண்டுக்கொருமுறை பலதுறை மருந்தகத்தில் எடுக்கும் விழித்திரைப் படத்தைத் தட்டிக்கழிக்காதவர்களுக்கு, லென்சைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அந்தப் பழைய படங்கள் கைகொடுக்கும். அம்மா ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. பாதிப்பு எப்போது தொடங்கியது, எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதை மருத்துவரால் பார்க்க முடிந்தது.

தம்பிக்கு முகம் வாடிவிட்டது. "அப்போ சாதாரண லென்ஸ்தானா?" என்றான். அந்தச் 'சாதாரண' என்ற சொல்தான் எல்லாக் குழப்பத்துக்கும் மூலம். ஒற்றைக் குவிய லென்ஸ் தரம் குறைந்தது அல்ல. விலை உயர்ந்ததும் அதுவும் பெரும்பாலும் ஒரே வகை அக்ரிலிக்கில் செய்யப்படுபவை. குறுக்களவு 6 மில்லிமீட்டர்; சுருட்டி உள்ளே செலுத்தினால் தானாக விரிந்து, பழைய லென்ஸ் இருந்த மெல்லிய பையில் உட்கார்ந்துகொள்ளும். கூடுதல் விலை கூடுதல் வேலைக்குத்தான். ஒரு குறிப்பிட்ட தூரத்தில் எது கூர்மை என்று கேட்டால், வெளிச்சம் முழுவதையும் ஒரே இடத்தில் குவிக்கும் இந்த லென்சே முந்தும்.

அம்மாவின் அம்மாவுக்கு இதுவும் கிடைக்கவில்லை. எழுபதுகளில் ஊரில் பாட்டிக்குப் புரை எடுத்தபோது லென்ஸ் எதுவும் வைக்கவில்லை. எடுத்தார்கள், கட்டுப் போட்டார்கள், பிறகு சோடாப் புட்டிக் கண்ணாடி கொடுத்தார்கள். நான் பார்த்த ஒரே புகைப்படத்தில் பாட்டியின் கண்கள் அந்தக் கண்ணாடிக்குள் தவளைக் கண்போலப் பெரிதாக இருக்கும். கண்ணாடியைக் கழற்றினால் ஆளே தெரியாது.

கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கலாம் என்ற எண்ணம் போர் விமானங்களிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானிகளின் கண்களில், விமான மூடியின் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் துணுக்குகள் சிதறிப் புகுந்தன. அவை கண்ணைப் பெரிதாக உறுத்தாமல் உள்ளேயே கிடப்பதை ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் கவனித்தார். 1949 நவம்பர் 29ஆம் தேதி லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், அதே வகைப் பொருளில் செய்த லென்சை ஒருவரின் கண்ணுக்குள் வைத்தார். பார்வை வந்தது, ஆனால் லென்சின் சக்தி கணக்கில் மிக அதிகமாகிப்போய், அந்த நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை மிஞ்சியது. சக மருத்துவர்கள் பல ஆண்டுகள் ரிட்லியை ஏற்கவில்லை. பிற்காலத்தில் அவருக்கே புரை வந்து, அதே மருத்துவமனையில் லென்ஸ் வைத்துக்கொண்டார். நம் பக்கத்தில் இதைச் சாமானியர் கைக்கு எட்டச் செய்ததில் மதுரைக்குப் பெரிய பங்கு உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992ல் ஆரோலேப் மூலம் சொந்தமாக லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியது. விலை மளமளவென்று இறங்கியது. மதுரையில் இருக்கும் பெரியம்மா அங்கேதான் செய்துகொண்டார். "டிக்கெட் போட்டு வா, ஒரு வாரத்துல முடிச்சிட்டு மீனாட்சியைப் பார்த்துட்டுப் போ" என்று அம்மாவுக்குத் தொலைபேசியில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ரிட்லியின் முதல் நோயாளிக்கு நடந்ததுபோல இன்று நடக்காமல் இருக்கக் காரணம் அளவெடுப்பு. ஒளிக்கதிரைச் செலுத்தி, கருவிழியின் முன்புறத்திலிருந்து விழித்திரை வரை கண்ணின் நீளத்தை அளக்கிறார்கள். சராசரியாக 23, 24 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் கண்ணாடி எண்ணில் இரண்டரை, மூன்று வரை மாறிவிடும். தையல் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். ரவிக்கையின் அக்குளில் அரை அங்குலம் தவறுவதைப்போல. கண் வறண்டிருந்தால் கருவிழி வளைவின் அளவு தப்பாக வரும் என்று அம்மாவுக்கு முதலில் இரண்டு வாரம் சொட்டு மருந்து கொடுத்து, பிறகுதான் அளந்தார்கள். தொடுவில்லை அணிபவர்கள் அளவெடுப்புக்கு முன் சில காலம் அதை நிறுத்த வேண்டும். லேசிக் செய்துகொண்டவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். வழக்கமான கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. இன்று நாற்பது வயதில் இருக்கும் என் தலைமுறையில் லேசிக் செய்தவர்கள் ஏராளம். அந்தப் பழைய அறிக்கையைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

சொல்ல வேண்டிய இன்னொன்று மாத்திரைகள். அப்பாவின் சிகிச்சைக்கு முன் தாதி, "புரோஸ்டேட்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டபோது அப்பா கூச்சப்பட்டு நெளிந்தார். டாம்சுலோசின் போன்ற மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, அறுவை சிகிச்சையின்போது கண்ணின் கருமணியைச் சுற்றியுள்ள திரை தொளதொளவென்று ஆகி மருத்துவருக்குச் சிரமம் கொடுக்கும். முன்கூட்டியே தெரிந்தால் தயாராக இருப்பார்கள். எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் சொல்லிவிட வேண்டும். அப்பா சொல்லிவிட்டார், என்னை வெளியே போகச் சொன்ன பிறகு.

லென்சின் வகை முடிவானதும் வேலை முடிந்தது என்றுதான் நாங்கள் எல்லாரும் எழுந்தோம். அம்மா எழவில்லை. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. மைனஸ் 4. கண்ணாடி இல்லாமல் பேருந்து எண் தெரியாது. ஆனால் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் கிட்டே இருப்பது எல்லாம் பளிங்காகத் தெரியும். ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் எத்தனை மீட்டர் என்று வந்துவிடும்: மைனஸ் 4 என்றால் கால் மீட்டர், 25 சென்டிமீட்டர். ஐம்பது வயதுக்கு மேல் தோழிகள் எல்லாரும் வெள்ளெழுத்துக் கண்ணாடி தேடியபோது, அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஊசியில் நூல் கோப்பார். கொக்கி தைப்பது, பிரித்த தையலில் பிசிறு எடுப்பது, அரிசியில் கல் பார்ப்பது எல்லாம் அப்படித்தான். அது அவருடைய தனிச்சொத்து.

அம்மாவின் வாடிக்கையாளர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவருக்கும் இதேபோலக் கிட்டப்பார்வை. வேறோர் இடத்தில் புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது தூரத்துக்கு லென்ஸ் வைத்துவிட்டார்கள். சிகிச்சையில் எந்தக் குறையும் இல்லை. வீட்டுச் சன்னலிலிருந்து எதிர்ப் புளோக்கில் காயும் துணியை எண்ணலாம். ஆனால் படுக்கையில் படுத்தபடி புத்தகத்தை முகத்தருகே பிடித்துப் படிக்கும் அவருடைய ஐம்பதாண்டுப் பழக்கம் அன்றோடு போயிற்று. கண்ணாடி இல்லாமல் கைத்தொலைபேசிகூடத் தெரியவில்லை. "ஏன் யாருமே முன்னாடி சொல்லலைன்னு அழுதாங்கம்மா" என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தார். அவரிடம் யாரும் 'உங்களுக்கு எது வேண்டும்' என்று கேட்கவில்லை. தூரம் தெரிந்தால் எல்லாருக்கும் மகிழ்ச்சி என்ற பொது எண்ணம்தான் அங்கே முடிவெடுத்தது. கிட்டப்பார்வையோடு வளர்ந்தவர்களுக்குக் கிட்டே தெரிவது ஒரு குறை அல்ல, பழகிய வீடு.

அம்மா கொண்டுவந்த தாளில் எண்கள் இருந்தன. முந்திய வாரம் தையல் நாடாவை எடுத்து, ஒரு முனையைத் தன் கண்ணோரம் என்னைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை இயந்திரத்தின் ஊசிவரை இழுத்தார். 43 சென்டிமீட்டர். கையில் கொக்கி தைக்கும்போது 30. கைத்தொலைபேசி 35. துணி வெட்டும் மேசையில் நின்றபடி குனிந்தால் 65. தொலைக்காட்சி இரண்டரை மீட்டர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்றும் குறித்திருந்தார். ஊசிக்கு ஐந்து மணி நேரம். தொலைக்காட்சிக்கு இரண்டு, அதிலும் பாதி நேரம் காதால் கேட்பதுதான்.

மருத்துவரிடம் தாளை நீட்டி, பக்கத்தில் நின்ற மலாய்க்காரத் தாதியிடம் "சாயா மாவ் டெக்காட்" என்றார். எனக்குக் கிட்டே வேண்டும். பிறகு என்னிடம் திரும்பி, "சொல்லும்மா, தூரத்துக்கு நான் கண்ணாடி போட்டுக்கறேன். அறுபது வருஷமா போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். ஊசிக்குப் போட முடியாதுன்னு சொல்லு" என்றார்.

மருத்துவர் அந்தத் தாளைச் சிறிது நேரம் பார்த்தார். படியெடுத்து அம்மாவின் கோப்பில் சேர்க்கச் சொன்னார். பிறகு மைனஸ் இரண்டேகாலைக் குறிவைக்கலாம் என்றார். பழைய மைனஸ் நான்கு வேண்டாம். 25 சென்டிமீட்டரில் முகத்தைப் புதைத்துத் தைத்தால் கழுத்து போய்விடும். இரண்டேகால் என்றால் தெளிவு சுமார் 44 சென்டிமீட்டரில் விழும்; கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்தும் பார்த்துக்கொள்ளலாம். தொலைக்காட்சிக்கும் பேருந்துக்கும் முன்னைவிட மெல்லிய கண்ணாடி போதும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டேயும் வைக்கும் முறையையும் விளக்கினார். சிலருக்கு அது அருமையாக ஒத்துப்போகும். முதலில் தொடுவில்லை போட்டுச் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் நூல் கோக்க இரண்டு கண்ணும் ஒரே இடத்தைக் கூர்மையாகப் பார்ப்பது நல்லது என்பதால், ஒரேயடியாகப் பெரிய வித்தியாசம் வேண்டாம் என்று அம்மாவே மறுத்துவிட்டார். சிதறல் பார்வை அதிகம் உள்ளவர்களுக்கென்று டோரிக் லென்ஸ் இருக்கிறது. அதை உள்ளே சரியான கோணத்தில் நிறுத்த வேண்டும். அம்மாவுக்குச் சிதறல் குறைவு, அது தேவைப்படவில்லை.

குறிவைத்த எண் அப்படியே வந்துவிடும் என்று எந்த மருத்துவரும் உத்தரவாதம் தரமாட்டார். பை ஆறும்போது லென்ஸ் எங்கே நிலைகொள்ளும் என்பதைச் சூத்திரங்கள் ஊகிக்கத்தான் முடியும். பெரும்பாலோருக்கு அரை எண்ணுக்குள் வந்துவிடுகிறது. பிடிக்காவிட்டால் மாற்றலாமா என்று தம்பி கேட்டான். மாற்றலாம், ஆனால் நாளாக நாளாகப் பை லென்சை இறுகப் பற்றிக்கொள்ளும். எடுப்பது முதல் சிகிச்சையைவிட ஆபத்தானது. சட்டையைப்போலத் திருப்பிக் கொடுத்து அளவு மாற்றுவதல்ல அது.

நிதி ஆலோசனை மேசையில் வேலை சீக்கிரம் முடிந்தது. பலதுறை மருந்தகத்தின் கடிதத்தோடு உதவித்தொகை நோயாளியாக வந்ததால் மருத்துவரை நாமாகத் தேர்ந்தெடுக்க முடியாது. எங்களுக்கு நல்லவராக அமைந்தார். அம்மா மெர்டேக்கா தலைமுறை என்பதால் வெளிநோயாளிக் கட்டணத்தில் கூடுதல் கழிவு. மிச்சம் மெடிசேவில் போயிற்று. தம்பி சேர்த்து வைத்திருந்த பணத்தில் அம்மாவுக்கு நிழல் விழாத நல்ல தையல் விளக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தான். அம்மா இப்போது வருவோர் போவோருக்கெல்லாம் அந்த விளக்கைத்தான் காட்டுகிறார்.

சிகிச்சை நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வலக்கண், அரை மணி நேரத்துக்கும் குறைவு. கலர் கலராக வெளிச்சம் தெரிந்தது, தண்ணீர் ஓடியது, யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள் என்றார். தூங்கும்போது கண்ணுக்கு மூடி, நாளுக்கு நான்கு முறை சொட்டு மருந்து, தேய்க்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது. கோயிலில் விபூதியை அள்ளிப் பூசுபவர்கள் அந்தச் சில வாரங்கள் கவனமாக இருக்க வேண்டும்; தூள் கண்ணில் விழும். அப்பா அம்மாவுக்கு நேரம் தவறாமல் சொட்டு மருந்து விட்டார். இதற்காகக் கைத்தொலைபேசியில் மணி வைத்திருந்தார்.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் அம்மா என்னைப் பார்த்து, "நீ கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கே" என்றார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு சேலை முந்தானையைத் தூக்கி அதன் நெசவை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் நூல் பெட்டியைத் திறந்து வெள்ளையையும் சந்தனத்தையும் தனித்தனியாகப் பிரித்து அடுக்கினார். சமையலறைச் சுவர் வெள்ளை என்று இத்தனை நாள் நினைத்திருந்ததாகவும், அது எண்ணெய்ப் பழுப்பு ஏறிக் கிடப்பதாகவும் சொல்லி அப்பாவுக்கு அன்று மாலையே வேலை வைத்தார்.

ஆறு வாரம் கழித்துச் சோதித்தபோது மைனஸ் 2 என்று வந்தது. அரை மீட்டர். ஊசிக்கு எதிரே நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார், அவ்வளவுதான். கொக்கி தைக்க மட்டும் லேசான படிப்புக் கண்ணாடி தேவைப்படுகிறது. அதைக் கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். இடக்கண் இன்னும் பழைய மைனஸ் 4 என்பதால் இரண்டுக்கும் இடையில் கொஞ்சம் இழுபறி உண்டு. தூரத்துக்கு வலக்கண் வைத்திருந்தால் அந்த இழுபறி இரண்டு மடங்காகியிருக்கும், கண்ணாடி போட்டாலும் சமாளிப்பது கடினம் என்றார் கண்ணாடிக் கடைக்காரர். சில ஆண்டுகள் கழித்து லென்சின் பின்னால் இருக்கும் பை மங்கலாகி, புரை திரும்ப வந்ததுபோலத் தோன்றலாம். அப்பாவுக்குச் சென்ற ஆண்டு அப்படி ஆயிற்று. லேசரால் சில நிமிடங்களில் சரிசெய்தார்கள். மறு அறுவை சிகிச்சை வேண்டியதில்லை.

இடக்கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கிடைத்திருக்கிறது. துணி வெட்டும் மேசை 65 சென்டிமீட்டர் என்பதால் அந்தக் கண்ணை மைனஸ் ஒன்றரைக்கு வைக்கச் சொல்லிக் கேட்கலாமா என்று அம்மா யோசிக்கிறார். வலக்கண்ணோடு அரை எண் வித்தியாசம்தான், அது தைப்பதைக் கெடுக்காது என்பது அவர் கணக்கு. பழைய தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். மருத்துவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.